ஐந்தாவது பெல்ட்

இஸ்ஸாத் யாரையும் முழுதாக நம்பியவர் அல்லர். வானொலி சொல்லும் வானிலையை நம்பமாட்டார். ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்த காப்பித்தூளை வீட்டில் மறுபடி எடை போடுவார். மனைவி காரென் ஒருத்தி கொடுத்ததைத்தான் என்ன ஏது என்று பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அவள் போன இலையுதிர்காலத்தில் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். காரெனின் தம்பி யோவ்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த வசந்தத்துல எத்தனை உருப்படி ஓட்டிட்டுப் போகப்போறீங்க, மச்சான்?"

பனிமான் மேய்க்கிற அந்தப் பீடபூமியில் ஒருவர் மந்தையின் எண்ணிக்கையை இன்னொருவர் கேட்பதில்லை. அடுத்தவர் சட்டைப்பையில் கைவிடுவதற்குச் சமம் அது. இஸ்ஸாத் கோப்பையைக் கீழே வைத்தார், மனதில் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரியில் அவருடைய பனிவண்டியின் பெல்ட் அறுந்தது. இன்ஜினோடு சுழலும் இரண்டு உருளைகளுக்கு, அதாவது புல்லிகளுக்கு, இடையே ஓடுகிற தடித்த ரப்பர் வார் அது. அது போனால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. ஒழுங்காக ஓட்டினால் இரண்டு குளிர்காலம் தாங்கும். புதிதாகப் போட்டது ஒன்பது நாளில் போயிற்று. அடுத்தது ஆறு நாளில். ஒவ்வொரு முறையும் மந்தைக்கு நடுவே, மதியத்துக்குச் சற்று முன்னால். ஒவ்வொரு முறையும் கயிற்றோடு இழுத்துப்போக வந்தவர் யோவ்னா.

"எப்படிய்யா கரெக்டா வந்து நிக்கிற?"

"பக்கத்து மேட்டுல என் மந்தை நிக்குது மச்சான். உங்க வண்டி கத்துறது அடுத்த ஊருக்கே கேக்குதே."

இஸ்ஸாத் ஒரு பனிமான் முடியை எச்சில் தொட்டு, வண்டி மூடியின் இடுக்கில் குறுக்காக ஒட்டினார். ஒட்டியதுமே உறைந்தது. யாராவது மூடியைத் திறந்தால் முடி விழுந்துவிடும். காலையில் முடி வைத்த இடத்திலேயே இருந்தது.

"பாத்துட்டுத் திருப்பி ஒட்டியிருக்கான்," என்று முடிவுக்கு வந்தார்.

நான்காவது பெல்ட் அறுந்த அன்று பெட்ரோல் பங்கில் ஏழு பேர் முன்னிலையில் யோவ்னாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "மாப்ள, நான் நடுவழியில நின்னா என் மேய்ச்சல் உனக்கு. அதுக்குத்தானே இதெல்லாம்?" யோவ்னா பெட்ரோல் குழாயை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மகள் சுன்னா வந்தாள். கடற்கரை நகரத்தில் ஹெலிகாப்டர் பழுதுபார்க்கிறவள். ஆற்றுப் பனிக்கட்டியின் மேல் ஏற்கெனவே தண்ணீர் நின்றது. பனிக்கட்டி தாங்குவது இன்னும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அதற்குள் சினைமான்கள் அக்கரை மேய்ச்சலுக்குப் போய்ச் சேராவிட்டால் இக்கரையிலேயே ஈனும். பிறகு குட்டிகள் உடைந்த ஆற்றை நீந்த வேண்டும். பாதிகூடக் கரையேறாது. அன்று காலைதான் ஐந்தாவது பெல்ட்டும் அறுந்திருந்தது. வீட்டில் வேறு இல்லை. கடையில் விடுமுறை முடிந்துதான் வரும் என்றார்கள்.

"பழைய பெல்ட் எல்லாம் எங்கப்பா?"

மாவுப் பைகளில் தேதி எழுதி, தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தார். "சாட்சி," என்றார்.

சுன்னா முதலில் எஃகு அளவுகோலைப் புல்லிகளின் மேல் வைத்துப் பார்த்தாள். நேராக இருந்தன. இடைவெளியை அளந்தாள், சரி. கடப்பாரையால் இன்ஜினை நெம்பினாள், அசையவில்லை. பிறகு ஐந்து பெல்ட்டுகளையும் மேசையில் பரப்பினாள். ஓரங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடம் கருகியிருந்தது.

"யாரும் அறுக்கலப்பா. வழுக்கியிருக்கு. புல்லி சுத்துது, பெல்ட் நிக்குது, நின்ன இடம் கருகுது."

"எதுனால வழுக்கும்?"

வெள்ளைத் துணியால் புல்லியின் உட்பக்கத்தைத் துடைத்தாள். மெழுகுபோல் மஞ்சளாக வந்தது. முகர்ந்தாள். இன்ஜின் எண்ணெய் இல்லை. பிரேக் எண்ணெயும் இல்லை. சமையலறை வாசனை.

"கொழுப்பு," என்றாள்.

இஸ்ஸாத்தின் கண் விரிந்தது. "தடவியிருக்கான். நான் சொன்னேனா இல்லையா?"

"அப்பா, மதியத்துக்கு இறைச்சியை எங்க வச்சு சுட வைக்கிறீங்க?"

"எல்லாரும் வைக்கிற இடந்தான். மூடிக்குள்ள, சைலன்சர் மேல."

"எதுல?"

"அலுமினியத் தாள்ல சுத்தி."

"அம்மா எதுல வச்சுக் குடுப்பாங்க?"

காரென் இறுக்க மூடுகிற தகர டப்பாவில் வைத்துக் கொடுப்பாள். அவள் பாத்திரங்களைப் பார்க்கச் சகிக்காமல், அடக்கத்துக்கு மறுநாள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு ஆணியடித்தது அவர்தான். அலுமினியத் தாள் குலுக்கலில் கிழியும். உருகிய கொழுப்பு சொட்டும். புல்லி சுழலும் காற்று அதை இழுத்துப் புல்லியிலேயே பூசும். குளிரில் உறையும், ஓட்டத்தில் இளகும்.

சுன்னா புல்லிகளைக் கரைப்பான் ஊற்றிக் கழுவினாள். இஸ்ஸாத் கொக்கியில் தொங்கிய, யோவ்னா வண்டியை இழுத்துவந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்தார்.

"நான் வேணா மாமாகிட்ட பேசட்டுமா?"

"வாயால சொன்னது நான்."

யோவ்னா முற்றத்தில் சறுக்குவண்டியின் கட்டையை இழைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன மச்சான், போலீஸக் கூட்டிட்டு வரலையா?"

"உன்கிட்ட பெல்ட் இருக்கா?"

"திருடன்கிட்டயா கேக்குறீங்க?"

இஸ்ஸாத் சொன்னார். தாள், சைலன்சர், கொழுப்பு, ஆணியடித்த பெட்டி எல்லாம். சொல்லி முடிக்கச் சிரமப்பட்டார். யோவ்னாவுக்கு நடுவில் சிரிப்பு வந்தது. பெட்டி என்றதும் நின்றுவிட்டது.

உள்ளே போய்ப் புது பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். இஸ்ஸாத் உறையைப் பிரித்து, பெல்ட்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"மோந்து பாக்குறீங்க."

"பழக்கம்."

"சனிக்கிழமை பெட்ரோல் பங்குக்கு வாங்க. அதே ஏழு பேரும் இருப்பாங்க. என்கிட்ட சொன்னதை அங்கயும் சொல்லுங்க."

"சொல்றேன். முதல்ல மான் அக்கரை போகட்டும்."

"ஒத்த வண்டியில ஓட்டிருவீங்களா?"

இஸ்ஸாத் பெல்ட்டைத் திருப்பி உறைக்குள் வைத்தார். "நானும் வர்றேன்," என்றார் யோவ்னா.

மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரையில் சுன்னா ஏற்பாட்டைச் சொன்னாள். "புது பெல்ட்டை விரட்டக்கூடாதுப்பா. நீங்க முன்னால மெதுவா போங்க. பின்னால அலைஞ்சு ஓட்டுறது மாமா."

மந்தைக்குப் பின்னால்தான் இஸ்ஸாத் எப்போதும் ஓட்டுவார். எல்லோருடைய முதுகும் கண்ணில் பட வேண்டும் அவருக்கு. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மந்தை பின்தொடர்கிற, மணி கட்டிய பெண்மானின் கயிற்றை வாங்கி வண்டியில் முடிந்தார்.

சாம்பல் நிறப் பனிக்கட்டி அடியில் முனகியது. வண்டிக்கு அடியில் ஓடும் பட்டை தண்ணீரை வாரி இறைத்தது. பின்னால் ஆயிரக்கணக்கான குளம்புகளின் நறநறப்பு. அதற்கும் பின்னால் யோவ்னாவின் வண்டி இடமும் வலமும் போய்வரும் ஓசை. மான்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன, எது யாரோடு போகிறது என்று இங்கிருந்து பார்க்க முடியாது. ஆற்றின் நடுவில் கழுத்து ஒருமுறை தானாகத் திரும்பியது. பாதியில் நிறுத்தி, எதிர்க்கரையைப் பார்த்தார்.

கரையேறியதும் இன்ஜினை அணைத்து மூடியைத் திறந்தார். மான்கள் இருபுறமும் உரசிக்கொண்டு மேடேறின. கையுறையைக் கழற்றிப் பெல்ட்டைத் தொட்டார். வழுக்கிச் சூடேறவில்லை, வெதுவெதுப்பாகவே இருந்தது. கடைசி மான் கரையேறி, யோவ்னாவின் வண்டி ஓய்கிறவரை அவர் கையை அதிலேயே வைத்திருந்தார்.