தொண்ணூறு விநாடி

பீப். நாலு எண்ணுமளவு அமைதி. மறுபடியும் பீப்.

போன வாரம் மருந்துக் கடையொன்றில் வரிசையில் நிற்கும்போது கரண்ட் போய், மேசைக்கடியில் இருந்த யூ.பி.எஸ். பற்றரிப் பெட்டி கத்தத் தொடங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைப் பெண் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டேயிருந்தாள். நான் மட்டும் குனிந்து, அந்தப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து கணினிக்கு ஏதாவது கேபிள் போகிறதா என்று தேடினேன். போகவில்லை. மருந்து வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறிய அலுவலகம். காணாமல் போனவர்களின் விபரங்களைப் பதியும் இடம். அங்கிருந்த ஒரேயொரு கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டில் யாரோ கழித்துவிட்ட பழைய இயந்திரம், லினக்ஸில் ஓடியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. தட்டச்சு செய்தவர் நகரத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பெண். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. வந்தவர்கள் சொல்லச் சொல்ல அவர் விரல்கள் ஓடும். இடையில் ஒரு கடதாசி கிடையாது, படிவம் கிடையாது.

அப்படி வந்தவர்களில் வாவிக்கு அக்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை அக்கா ஒருவர். பள்ளி விடுமுறைக்கென்று கடற்கரையில் கணவர் வீட்டாரிடம் மகளை அனுப்பியிருந்தார். மகளின் உயரம், பல் விழுந்த இடம், போட்டிருந்த மஞ்சள் சட்டை என்று ஒரு பகல் முழுக்கச் சொன்னார். சொல்லி முடித்துத் தண்ணீர் கேட்டார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் கரண்ட் போனது. அப்போது எங்களிடம் யூ.பி.எஸ். இல்லை. திரும்பக் கணினியைப் போட்டபோது வட்டு பழுதாகி, அன்றைய பதிவுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆளனுப்பி மறுபடி வரச் சொன்னோம். மூன்று வாரம் கழித்து வந்தார். அதே கதிரையில் இருந்து முதலிலிருந்து சொன்னார். சட்டையிடம் வந்தபோது நீலம் என்றார்.

“போன முறை மஞ்சள் எண்டு சொன்னீங்க அக்கா” என்றேன்.

“மஞ்சளா?” அவர் என்னையே பார்த்தார். “நான் மஞ்சள் எண்டா சொன்ன?”

மிஸ்ஸின் விரல்கள் நின்றன. அக்கா இரண்டு நிறத்தையும் மாறி மாறி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அவரிடம் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு நிறம். அதையும் கலக்கிவிட்டவன் நான், ஒரு தேவையில்லாத திருத்தத்தால்.

அதன்பிறகு எங்கள் அலுவலகத்துக்கு யூ.பி.எஸ். வந்தது. கரண்ட் போனால் கத்தும். வருடங்கள் போய் யுத்தம் வன்னியில் இறுகிக்கொண்டிருந்த நாட்களில், எதிரே இருந்த இராணுவக் காவலரணுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. விட்டு விட்டு எண்ணுவதுபோல் கேட்கிற ஒரு சத்தம், அதுவும் பூட்டிய யன்னலுக்குப் பின்னாலிருந்து! ஒரு நாள் துவக்கோடு இருவர் உள்ளே வந்து மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்கள். மறுநாளே மிஸ் வானொலி திருத்துகிறவரைக் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து, கத்துகிற பாகத்தின் கம்பிக் காலைக் கத்தரிக்கச் செய்தார். பெட்டி ஊமையானது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் நித்திரை போனது. மின்விசிறி நின்றால்தான் கரண்ட் போனது தெரியும். யன்னல் திறந்து காற்று வரும் நாட்களில் மின்விசிறி ஓடாது. அப்போது கணினி பற்றரியில் ஓடுகிறதென்பதே யாருக்கும் தெரியாது, அது செத்து விழும்வரைக்கும்.

அந்த ஊமைப் பெட்டிக்குக் கணினியோடு பேச வழி இருக்கிறதென்று பிறகுதான் அறிந்தேன். பின்பக்கத்தில் கேபிள் செருக ஒன்பது ஓட்டைகள். அதற்கென்று கூடவே வந்த கேபிளை எங்கும் காணவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகு தலையை உயர்த்திப் பார்க்கிறேன், வெயிலுக்கு மிஸ் யன்னல் சீலையைக் கொளுவிக் கட்டியிருந்த கறுப்புக் கயிறுதான் அது.

“அதக் கழட்டாத மனே! நாலு வருசமா என்ட சீலையப் புடிச்சிக்கொண்டு நிக்கிது. வெயிலுக்கு உன்ட முகத்தையா நான் மறைச்சுக் கட்டுற?”

கழற்றினேன். அடுத்த சில நாட்கள் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் போயின. கணினிக்குள் மூன்று நிரல்களை ஓடவிட வேண்டும், மூன்று பேரை வேலைக்கு அமர்த்துவது போன்ற காரியம். ஒருவன் பெட்டியோடு பேசுவான். இன்னொருவன் அது சொன்னதை ஞாபகத்தில் வைத்திருப்பான். மூன்றாமவன் அந்த ஞாபகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, ஆபத்தென்றால் கோப்புகளை மூடிக் கணினியை ஒழுங்காக நிறுத்துவான். முதலாமவன் வாயே திறக்கவில்லை. கேபிள் செருகிய துளையைத் தொட அவனுக்கு அனுமதி இல்லையென்று கண்டுபிடிக்கவே ஒரு பகல் போனது. அனுமதி கொடுத்ததும் திரையில் வரிகள் வந்தன. சுவர் மின்சாரத்தில் ஓடுகிறேன். பற்றரி நூறு வீதம்.

“என்ன, பெட்டிக்குச் சோறு தீத்தி முடிஞ்சுதா?” என்றார் மிஸ்.

முடியவில்லை. சோதிக்க வேண்டும். சோதிப்பதென்றால் சுவரிலிருந்து செருகியைக் கையாலே பிடுங்க வேண்டும். பிடுங்கினேன். பற்றரியில் ஓடுகிறேன் என்றது. தொண்ணூற்றேழு. தொண்ணூறு. எண்பத்தொன்று. இருபதுக்கு இறங்கியதும் ஒழுங்காக நிறுத்தும்படி சொல்லி வைத்திருந்தேன். அறுபத்திரண்டில் எல்லாம் ஒரேயடியாக அணைந்தது.

பற்றரி பொய் சொல்லியிருக்கிறது. பழைய பற்றரி, ஏறும்போது நூறு காட்டும், பாரம் இழுத்தால் பாதி வழியிலேயே விழும். அதன்மேல் அலுவலகத்துக்கு வருகிறவர்களும் பாரம் ஏற்றியிருந்தார்கள். வன்னியிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாமென்று காத்திருந்தவர்கள், தங்கள் ஊர்களில் கரண்ட் இல்லாததால், எங்கள் யூ.பி.எஸ்ஸின் பின்னால் ஒரு மல்டி பிளக்கைக் கொளுவி ஏழெட்டுத் தொலைபேசிகளை வரிசையாகச் சார்ஜில் போட்டு வைப்பார்கள். அதை யாரால் வேண்டாமென்று சொல்ல முடியும்?

ஆகவே பற்றரியின் பேச்சை நம்பாதே, கடிகாரத்தை நம்பு என்று மாற்றி எழுதினேன். கரண்ட் போனதும் திரையில் ஒரு வரி வரும். அந்தத் திரையில் தமிழ் தெரியாது. கரண்ட் போயிற்று, சேமியுங்கள் என்பதை, மிஸ் பதிவுகளை அடிக்கும் விதத்திலேயே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தேன். தொண்ணூறு விநாடிக்குள் கரண்ட் திரும்பாவிட்டால் கணினி தானே நிற்கும். இதையும் சோதிக்க வேண்டும்தான். ஆனால் பற்றரி மறுபடி ஏறி முடியப் பல மணிநேரம் எடுக்கும். நாளைக்குப் பார்ப்போமென்று நினைத்து வெளியே வந்தபோது, வாசலில் கொக்கட்டிச்சோலை அக்கா நின்றார்.

நாலு வருடத்தில் முகம் சிறுத்திருந்தது. இப்போது காணவில்லையென்று சொல்ல வந்தது அவருடைய தம்பியை. கலியாணம் முடித்து வன்னியில் இருந்தவன். கடைசி அழைப்பு வந்து பல வாரம். மறுநாள் விடிய வவுனியாவுக்கு, அகதி முகாம்களில் தேடப் போகிறார். அதற்கு முன் பதிந்துவிட வேண்டும்.

“ஒரு எழுதின துண்டு இருந்தா நல்லம் அக்கா” என்றேன்.

“கடதாசியா? செக் பொயின்ற்றில ஆமி கண்டா யார்ர பேர் இது எண்டு கேப்பான். வேணாம் தம்பி. நான் சொல்றன், நீங்க அடியுங்க.” தன் தொலைபேசியை மல்டி பிளக்கில் செருகிவிட்டு அதே கதிரையில் இருந்தார். “ஒருக்காத்தான் சொல்லுவன். மறுகா என்னால ஏலா.”

நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல வழியில்லை. சோதிக்காத தொண்ணூறு விநாடியை நம்பி மிஸ்ஸுக்குத் தலையாட்டினேன்.

அக்கா சொல்லத் தொடங்கினார். தம்பியின் வயது, முழங்கால் தழும்பு, கடைசியாகப் பேசியபோது பின்னால் கேட்ட சத்தம். எனக்கு இவ்வளவுதான் நினைவிருக்கிறது. மிச்ச நேரமெல்லாம் என் கண் திரையின் அடிவரியில் கிடந்தது. அரை மணிநேரம் இருக்கும். அந்த வரி வந்தது.

“மிஸ், கரண்ட் போயிற்று. சேவ் பண்ணுங்க.”

“பொறு, அவ சொல்லி முடிக்கட்டும்.”

“தொண்ணூறு விநாடிதான் இருக்கு!”

“கத்தாத மனே, பயத்தில மறந்திருவா.”

அக்கா சொல்வதை நிறுத்தவில்லை. சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார், மேசைக்கடியைப் பார்த்தார், ஏதோ விளங்கியவர் போல எட்டித் தன் தொலைபேசியைப் பிளக்கிலிருந்து பிடுங்கினார். அடுத்ததையும், அதற்கடுத்ததையும் பிடுங்கினார். வாய் மட்டும் சொல்லிக்கொண்டேயிருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பது. எண்பத்தைந்து. மிஸ் கடைசி வரியை அடித்துச் சேமிப்பு விசையைத் தட்டியதும், திரையில் கணினியை நிறுத்தும் வரிகள் ஓடத் தொடங்கியதும் ஒரே நேரத்தில். ‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல் வந்ததா? மிஸ் காணவில்லை. நானும் காணவில்லை. திரை அணைந்தது.

“இருக்குமா?” என்றார் அக்கா.

“கரண்ட் வந்தாத்தான் தெரியும்.”

காத்திருந்தோம். வரவில்லை. எங்கள் பக்கத்தில் மிதவைக்குப் பாதை என்று பெயர். இருட்ட முன் கடைசிப் பாதை போய்விடும். வாவியைக் கடக்க அவருக்கு அந்த மிதவையை விட்டால் வழியில்லை. பஸ்ஸும் போய்விட்டிருந்தது. என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டேன். காத்தான்குடியைத் தாண்டி, ஆரையம்பதியைத் தாண்டி, இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, மறுபடி ஏறி. பாதை புறப்பட முன் துறைக்கு வந்துவிட்டோம்.

நாங்கள் ஆரையம்பதியில் நிற்கும்போதே அலுவலகத்தில் கரண்ட் வந்துவிட்டது. நான் அறியவில்லை. அன்றிரவு திரும்பிப் போய்க் கணினியைப் போட்டேன். வட்டைப் பழுது பார்க்கிறேன் என்ற அந்தப் பயங்கர வரிகள் எதுவும் இல்லாமல், நேற்று நிறுத்தி இன்று தொடங்கியது போல் எழுந்தது. பதிவு முழுதாக இருந்தது. கடைசி வரி, வெட்கம் வந்தால் இடது காதைப் பிடிப்பான். உடனே அக்காவுக்கு அழைத்தேன். தொலைபேசி அணைந்திருந்தது. சார்ஜ் ஏற முன்னரே பிடுங்கிவிட்டாரே. மறுநாளும் அணைந்திருந்தது, அதற்கு மறுநாளும். பின்னர் இரண்டு தரம் பாதை ஏறிக் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. வவுனியாவிலேயே நின்றுவிட்டார் என்றார்கள், வேறு எங்கோ என்றும் சொன்னார்கள். பதிவு இருக்கிறதென்பதை அவரிடம் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவேயில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. துறையில் நிற்கும்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடைசி வரியை அவர் சொன்ன நேரத்தில் நான் எண்பத்தெட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் என் காதில் விழவேயில்லை.

பாதையில் இரண்டு சைக்கிளும் ஒரு நெல் மூட்டையும் ஏறியிருந்தன. அக்கா ஏறி, விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். வாவித் தண்ணீர் பலகைக்கடியில் சளசளத்தது.

“யோசிக்காதங்க தம்பி. பெட்டியில இல்லாட்டியும் பரவாயில்ல. நீங்க பக்கத்தில இருந்து முழுக்கக் கேட்டீங்கதானே?”

“ஓம் அக்கா” என்றேன். “கேட்டன்.”