லோர்னாவின் எண்

அமெரிக்காவின் பாலைவன நகரமான டூசானில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்வில் ஹாஸ்கெல் முன்கோபக்காரர். மனைவி லோர்னா இறந்த பிறகும் அவளுடைய போனுக்கு அவளைக் கேட்டு யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் எரிச்சலில் அந்த எண்ணையே ரத்து செய்துவிட்டார்.

ஜூலை வெள்ளத்தில் பின்பக்கச் சுவர் சரிந்தது. லோர்னா வளர்த்த பாலைவன ஆமை அந்த வழியே வெளியேறிவிட்டது. ஆர்வில் தெருத் தெருவாகத் தேடினார். அதன் பின்னங்காலில், தோலுக்கடியில், லோர்னா அடையாளச் சிப் வைத்திருந்தாள். யார் கையில் கிடைத்தாலும் கூப்பிடுவார்கள் என்று மூன்று வாரம் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்கமாட்டாமல் விலங்குக் காப்பகத்துக்கே போனார்.

"வந்துச்சு சார்," என்றாள் அங்கே வேலை பார்க்கும் டீனா. "மூக்கு ஒழுகி, மூச்சு விட முடியாம கிடந்துச்சு. பத்து நாள் பாத்தோம். அப்புறம் வலி தெரியாம சாக ஊசி போட்டு முடிச்சிட்டோம்."

"சிப்பைப் பாக்கலையா? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"பாத்தோம் சார். சிப்புல வெறும் நம்பர்தான் வரும். பதிவுல இருந்தது உங்க வீட்டம்மா போன். நீங்கதான் மாத்தல. ஆறு தடவை கூப்பிட்டோம். நம்பர் உபயோகத்துல இல்லன்னே வந்துச்சு."



"யாரைக் கேட்டுக் கூப்பிட்டீங்க?"

"லோர்னாவைத்தான் சார்."