முட்டைத் தட்டில் தலைகீழாக நின்றவை

கத்தரிக்கோலைச் சீப்பின் மேல் போட்டுவிட்டு, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே சலூன்காரர் வாசலைத் தாண்டிவிட்டார். நாற்காலியில் இருந்தவர் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர். அவருக்கு இடது பக்கம் வெட்டி முடிந்திருந்தது. வலது பக்கம் காதை மூடிக் கிடந்தது.

"யோவ், ஒரு நிமிஷம்னா எவ்வளவு நேரம்யா?" என்று கத்திக்கொண்டு, கழுத்தில் கட்டிய துணியோடு அவரும் பின்னால் ஓடினார். தெருவில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முடிவெட்டில் ஏதோ தகராறு, பாதிக்கப்பட்டவர் துரத்துகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

காரணம், சற்று முன் சலூன்காரருக்கு அவர் மனைவியிடமிருந்து வந்த போன். வேறு எதற்கோ கூப்பிட்டவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "உங்க முட்டைத் தட்டைக்கூட முந்தாநாள் துடைச்சு வெச்சேன். பாதி தலைகீழா நின்னுச்சு. எல்லாத்தையும் நேரா நிமிர்த்தி அடுக்கி வெச்சிருக்கேன். ஒரு வார்த்தை நல்லதா சொல்லணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

அந்தத் தட்டில் முட்டை கிடையாது. பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுத்த லித்தியம் செல்கள், கட்டைவிரல் பருமனில், குழிக்கு ஒன்றாக நிற்கும். சோதித்துப் பார்த்து நல்லது என்று தெரிந்ததை, பிளஸ் முனையான மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துவார். கெட்டதை மூக்கு கீழே. ஒரு பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் எழுதிவைக்கலாம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். அவருக்குத் தோன்றவில்லை. தான் கண்டுபிடித்த முறையின் அழகில் சொக்கிப்போயிருந்தார். வெளியே சொன்னால் யாராவது திருடிக்கொள்வார்கள் என்பதுபோல, மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை.

இந்த வித்தையில் அவர் இறங்கியது மக்கள் நலனுக்காக அல்ல. பாதிச் சவரத்தில் கரண்ட் போய்விடும். நுரை காய்ந்த முகத்தோடு வாடிக்கையாளர் கண்ணாடியில் தெரியாத தன்னையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்காக ஒரு சின்ன சோலார் விளக்கு செய்தார். பிறகு நிறுத்த முடியவில்லை.

எல்லாவற்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். செல்லை சோலார் தகட்டோடு நேரடியாகக் கட்டக் கூடாது, நிறைந்ததும் தானே நிறுத்துகிற சார்ஜிங் போர்டு நடுவில் இருக்க வேண்டும் என்பதை சலூனின் நல்ல துண்டு ஒன்று கருகியபின் தெரிந்துகொண்டார். முனைகளில் டேப் ஒட்டாத செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடக் கூடாது என்பது அவருடைய வலது தொடையில் தழும்பாக இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது சூடாகிற செல்லையும், சும்மா வைத்தாலே வடிந்துபோகிற செல்லையும் எந்த விளக்கிலும் போடக் கூடாது. அது நிறையவே நிறையாது. போர்டும் நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஒன்றை மட்டும் அடிபடாமல் தெரிந்துகொண்டதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

நேற்று வரை.

நேற்றுதான் அந்தத் தட்டிலிருந்து ஒரு செல்லை எடுத்து விளக்கு கட்டி அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அத்தான் ஒரு சரக்குக் கிட்டங்கியில் இரவுக் காவல். "என்ன விஞ்ஞானி, இன்னைக்கு எதைக் கொளுத்தினே?" என்பதுதான் அவர் மைத்துனரை நலம் விசாரிக்கிற முறை. அந்த வாயால், போன வாரம், "மாப்ளே, எனக்கும் ஒண்ணு கட்டிக் குடேன்" என்று கேட்டிருந்தார். அன்று சலூன்காரர் இரண்டு பேருக்கு மீசையைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டார். கை அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தது.

இப்போது உச்சிவெயில். அக்கா தையல் வேலைக்குப் போயிருப்பாள். அத்தான் கதவைத் தாழிட்டு, போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். தகடு ஜன்னல் விளிம்பில், விளக்கு தலைமாட்டில். அங்கேதான் வைக்கச் சொல்லியிருந்தார், இதே விஞ்ஞானி.

தெருமுனை வரை அத்தானின் உயிரைப் பற்றிப் பதறிக்கொண்டு ஓடினார். முனை திரும்பியதும் தன் மானத்தைப் பற்றிப் பதற ஆரம்பித்தார். தட்டில் பாதி நல்ல செல்தானே? எடுத்தது நல்லதாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் இந்த ஓட்டத்துக்கு என்ன காரணம் சொல்வது? காரணம் கிடைப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

கதவைத் தட்டினார். இடித்தார். உள்ளே ஃபேன் சத்தத்துக்கு மேல் குறட்டை கேட்டது. ஜன்னல் கம்பி வழியே கையை விட்டுப் பார்த்தார். விளக்கு எட்டவில்லை. தகடு விளிம்போடு கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியதும் அவர்தான். அவர் கட்டியதில் உறுதியாக இருந்தது அது ஒன்றுதான்.

"அண்ணே, அந்தத் துணியைக் கழட்டுங்க."

"இது ஒண்ணுதான்யா எனக்கு மிச்சம் இருக்கு."

"கழட்டுங்கண்ணே, வெயிலை மறைக்கணும்!"

முடியை உதறக்கூட நேரம் விடாமல் துணியை உருவித் தகட்டின் மேல் போட்டு மூடினார். போர்டில் மினுங்கிய சிவப்புப் புள்ளி அணைந்தது. சார்ஜ் நின்றது. குறட்டை நிற்கவில்லை.

"ஆளை எழுப்பணும், அவ்வளவுதானே?" என்று மருந்துக்கடைக்காரர் ஜன்னலில் வாயை வைத்து, "கிட்டங்கியில திருடன்!" என்று அலறினார்.

அத்தான் தடியோடு கதவைத் திறந்தார். எதிரே பாதித் தலையோடு நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஆளா?"

சலூன்காரர் இடையில் நுழைந்து உள்ளே போனார். சவரத் தண்ணீரின் சூட்டைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டின் பின்புறத்தை விளக்கின் மேல் வைத்தார். அறைக்குள், நிழலில் இருந்த விளக்கு. சுரீர் என்றது. தகட்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஜன்னல் வழியே அந்தத் துணியை இழுத்து, அதாலேயே விளக்கைப் பிடித்து, முற்றத்து வெறும் சிமெண்டுத் தரையில், எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"என்ன மாப்ளே?"

"ஒண்ணுமில்ல அத்தான். மேல் மூடி ஒண்ணு மாத்தணும். அதான்."

"மூடி மாத்தவா அரைத் தலையோட ஒரு மனுஷனை இழுத்துட்டு ஓடியாந்தே?"

"கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சரி, மூடியை அப்புறம் பாத்துக்கலாம். எனக்குத் தூக்கம் வருது" என்று அத்தான் குனிந்து விளக்கை எடுக்கப் போனார்.

பொய் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விளக்கு திரும்பவும் தலைமாட்டுக்குப் போகும் என்பது ஒன்றுதான் அதில் குறை.

"தொடாதீங்க அத்தான். அது கெட்ட செல்லு. சூடேறுது. கெட்டதுன்னு நானே பிரிச்சு வெச்சதுதான், மாத்திப் போட்டுட்டேன். அவ நிமிர்த்தி வெச்சா, ஆனா தப்பு என்னுது. அவகிட்ட நான் சொல்லவேயில்ல."

அத்தான் கையை இழுத்துக்கொண்டார். "எரிஞ்சிருக்குமா?"

"எரியாமலும் இருந்திருக்கலாம்."

விஞ்ஞானி என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அத்தான் விளக்கைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். "நைட்டுக்கு டார்ச்சே போதும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

விளக்கு ஆறும் வரை இரண்டு பேரும் முற்றத்து ஓரத்தில் நின்றார்கள்.

"அடுத்தது என் தலை" என்றார் மருந்துக்கடைக்காரர். "அதுவும் சூடாத்தான் இருக்கு."

மறுநாள் காலையில் சலூன்காரர் தட்டிலிருந்த எல்லாச் செல்களையும் மறுபடி சோதித்தார். நல்லவற்றின் மேல் 'நல்லது' என்றும், மற்றவற்றின் மேல் 'கெட்டது' என்றும் மார்க்கரால் எழுதினார். மனைவி பக்கத்தில் நின்று எழுத்தைச் சரிபார்த்தாள். கெட்டவற்றின் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். மருந்துக்கடைக்காரர் கடையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கத்தை முந்தைய நாள் பதற்றத்தில் சலூன்காரர் இடது பக்கத்தைவிடக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார். சாயங்காலம் அத்தான் வேலைக்குப் போகிற வழியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "சவரம் மட்டும்" என்றார். மடியில் டார்ச் இருந்தது. சலூன்காரர் கத்தியில் புது பிளேடு மாட்டினார். அத்தான் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார். கரண்ட் போகவில்லை.