நாளைக்குக் கூழ் என்று சொன்ன குரல்

காலை ஐந்து இருபது. மாடிப்படியில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது எதிர்ப்பக்கம் நட்டிருந்த சவுக்குக் கம்பமும் அதன் உச்சியில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரும். அதன் வாய்க்குள் ஒரு காகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கரகரவென்று சத்தம் வந்ததும் பறந்துவிட்டது. அதன் பிறகு, தை மாதம் இறந்துபோன மனிதர் பேச ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று ஆகஸ்ட் பதினைந்து, சுதந்திரத் திருநாள். காலை எட்டு மணியளவில் ஊராட்சிப் பள்ளியில் தேசியக் கொடி ஏற்றப்படும். மாலை ஆறு மணியளவில் மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாத் தேர்ப்பவனி நடைபெறும்."

கோவளத்துக்குத் தெற்கே, கடலுக்கும் ஈசிஆர் சாலைக்கும் நடுவில் எங்கள் ஊர். சர்ச், பள்ளிக்கூடம், அம்மன் கோயில் மூன்றும் ஒரே தெருவில் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மைக்செட். அண்ணன், தம்பி இரண்டு பேர் அதை நடத்தினார்கள். அறிவிப்பு எல்லாம் அண்ணன்தான். தை மாதம், கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்ட செட்டைக் கழற்றி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஈசிஆரில் லாரி மோதி அண்ணன் போய்விட்டார். அவருடைய போனும் நொறுங்கிப்போனது.

கடற்கரைக் கம்பத்து ஸ்பீக்கரின் சத்தம் எங்கள் தெருவுக்குச் சற்றுப் பிந்தித்தான் வரும். அதனால் அவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்வது போலிருந்தது. இரண்டாவது முறை தூரத்தில் நின்று சொன்னார்.

தெருவில் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போன அம்மாள் நின்றாள். டீக்கடைக்காரர் ஆற்றிய டீயைக் கிளாஸில் ஊற்றாமல் டம்ளரை உயரத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். குரல் தொடர்ந்தது.

"நாளை, ஆடி கடைசி வெள்ளியை முன்னிட்டு, அம்மன் ஆலயத்தில் கூழ் வார்க்கப்படும்." இந்த இடத்தில் ஒரு குக்கர் விசில். அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல்: "தோசை ஊத்தட்டா?" அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அனைவரும் வருக, வருக."

இது போன வருடத்துப் பதிவு. வீட்டில் உட்கார்ந்து போனில் பேசிப் பதிந்திருந்தார். அடுப்படியிலிருந்து கேட்டது அவர் மனைவி. அதை வெட்டாமலே போட்டதில் ஊர் மாதக்கணக்கில் கேலி செய்தது. அவர் தெருவில் போனால் போதும், "அண்ணாத்த, தோசை ஊத்தியாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். "ஊத்தியாச்சு, நீ வந்து துன்னுட்டுப் போ" என்பார்.

நான் போனபோது, பள்ளிச் சுவரை ஒட்டிய ஆம்ப்ளிஃபயர் கொட்டகையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். நடுவில் தம்பி. அவருக்குச் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"இன்னாடா பண்ணிக்கீற? காலங்காத்தால செத்தவன வுட்டு ஊரக் கூப்புட்றியா?" என்று கத்தினார் கோயில் நிர்வாகி. "என் பொண்டாட்டி கையில இருந்த சொம்ப கீழ போட்டுட்டா."

"அண்ணன் கொரல்னு தெரிஞ்சிதான் போட்டேன்" என்றார் தம்பி. "நான் பேசிப் பார்த்தேன். நல்லால்ல. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு ஒருக்கா பேசி வெச்சா போதும், தேதி மாறாதுன்னு அவருதான் சொல்லிக்கினு இருப்பாரு. உள்ள வெள்ளிக்கெழம மேட்டர் கீதுன்னு எனக்கு நெனப்பு வரல."

பிழை இதுதான். கொடியும் தேரும் தேதியோடு வருபவை. எந்தக் கிழமையானாலும் பதினைந்துதான். ஆடி வெள்ளி கிழமையோடு வருவது. போன வருடம் பதினைந்து வியாழக்கிழமை, கூழ் மறுநாள். இந்த வருடம் பதினைந்தே வெள்ளி. கோயில் பின்புறம் அண்டாவில் கேழ்வரகு மாவு கொதித்துக்கொண்டிருந்தது. நான் வேலை பார்த்த பத்திரிகையில் இப்படி ஒரு தவறு வந்தால் மறுநாள் மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுவோம்.

"அந்த நாளைக்குங்கற லைன வெட்டிட்டு மிச்சத்த வெச்சிக்க" என்றார் சர்ச் கமிட்டிக்காரர். "தேருக்கு முன்னாடி அவர் கொரல் வர்றதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்ல மனுசன்."

தம்பி லேப்டாப்பைத் திறந்தார். அப்போது அவள் வந்தாள். அந்தப் பதிவில் தோசை ஊற்றட்டுமா என்று கேட்டவள். தலை ஈரமாக இருந்தது. செருப்பு இல்லை. எல்லோரும் வழிவிட்டார்கள். தம்பியை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, அத வெட்டாத" என்றாள்.

"அண்ணி, தப்பா கீதே அது. கூழு இன்னிக்கு."

"தப்பாவே இருக்கட்டும். அவரு போன்ல இருந்தது எல்லாம் போச்சு. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது அது ஒண்ணுதான் கீது."

தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நிர்வாகியின் குரல் இறங்கியிருந்தது. "நீ வேணும்னா பென்டிரைவ்ல வாங்கி வூட்ல கேட்டுக்கம்மா. ஊர்ல போடறதுன்னா சரியா இருக்கணும் இல்ல? காலையில கேட்டவங்க நாளைக்கு சட்டியத் தூக்கிக்கினு வந்து நிப்பாங்க. கோயில் பூட்டியிருக்கும். எங்களத்தான் திட்டுவாங்க."

"வரட்டும். நான் ஊத்தறேன்."

"நீயா? உனக்கு இன்னும் ஒரு வருசம் ஆவலயே. நீ எப்படி கோயிலுக்கு வருவ?"

"உள்ள வரல. பூட்டித்தானே இருக்கும்? கேட்டுக்கு வெளிய நின்னு ஊத்தறேன். அவரு கூப்டாரு இல்ல? வந்தவங்கள யாரு பார்க்கறது?"

சாவு விழுந்த வீட்டார் வருடம் திரும்பும்வரை அம்மன் கோயில் படி ஏறுவதில்லை என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் பொதுவான வழக்கம். கேட்டுக்கு வெளியே என்ன செய்வது என்று அந்த வழக்கத்தில் ஒன்றுமில்லை. நிர்வாகி வேட்டியை மடித்துக் கட்டினார், மறுபடி அவிழ்த்தார். "என்னவோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அண்டாவைப் பார்க்கப் போனார்.

எட்டு மணிக்குக் கொடி ஏறியது. தலைமையாசிரியை கயிற்றைச் சுண்டியதும் உள்ளே மடித்து வைத்திருந்த பூ உதிர்ந்தது. ஒன்பது மணிக்குக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வழக்கமாக அந்த வரிசை பள்ளிக்கூடம்வரை நீளும். அன்று வரிசை என்று சொல்ல எதுவும் இல்லை. நாளைக்குத்தானே என்று சிலர் நினைத்திருக்கலாம். இன்றைக்குத்தான் என்று தெரிந்தும் சிலர் வராமல் இருந்திருக்கலாம். டீக்கடையில் கேட்டேன்.

"அவர் சொல்லி ஒரு வாட்டிகூட மாறினதில்ல சார்" என்றார் டீக்கடைக்காரர். "எது சரின்னே தெரில."

"கோயில்லயே இன்னிக்குத்தான் ஊத்தறாங்களே?"

"அது தெரியும். ஆனா காலையில கேட்டுட்டேனே."

மாலை ஐந்தரைக்கு மறுபடி அந்தக் குரல். ஒன்றும் வெட்டவில்லை. தேர் சர்ச் வாசலிலேயே நின்றது. மாதா சொரூபத்துக்கு நீலப் பட்டு, பின்னால் சீரியல் விளக்கு. தேர்க் கூரையின் நாலு மூலையிலும் காலையில் பள்ளியில் மிஞ்சிய காகிதக் கொடிகளைச் செருகியிருந்தார்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். நாளை என்றார். விசில் அடித்தது. "தோசை ஊத்தட்டா?" கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து அதே கேள்வி இன்னொரு முறை வந்தது. வருக, வருக.

அவள் தன் வீட்டு வாசலில், கம்பத்துக்கு நேர் கீழே நின்றிருந்தாள். அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் கேள்வி வந்த இடத்தில் மட்டும் அவள் உதடு அசைந்தது. தேர் நகர்ந்து, விளக்கு வெளிச்சம் சுவரில் ஊர்ந்து போன பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை கோயில் பக்கம் போனேன். கேட்டில் பூட்டு தொங்கியது. வெளியே, இரண்டு செங்கல்மேல் ஒரு அலுமினியக் குண்டான். பக்கத்தில் தட்டு நிறையச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். கையில் கரண்டியோடு அவள்.

குண்டானில் பாதி தீர்ந்திருந்தது.