இந்த வருஷச் சூனியக்காரி யார்?

டென்மார்க்கில், சில்கபோர் ஏரிக்கரையில் வெர்னர் ஸ்கோகார்ட் தபால்காரராக இருந்தவர் என்பது வயதானவர்களுக்குத்தான் ஞாபகம். மற்றவர்களுக்கு அவர் சூனியக்காரி பொம்மை செய்கிறவர். ஜூன் மாத நடுக்கோடை விழாவில், ஏரியில் தெப்பம் விட்டு, விறகு அடுக்கி, உச்சியில் வைக்கோல் சூனியக்காரியை நிறுத்திக் கொளுத்துவார்கள். அவள் புகையோடு ஜெர்மனியில் இருக்கும் ஒரு மலைக்குப் பறந்துவிடுவாள். ஜெர்மனிக்காரர்கள் இதை வருஷா வருஷம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று வெர்னருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சூனியக்காரிக்கு உடுப்பு வேண்டுமே! பழந்துணியைப் பையில் போட்டு அவர் வீட்டு வாசல் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். வினையே அதுதான். யார் எந்தக் கோட்டுப் போட்டு எத்தனை குளிர்காலம் ஓட்டினார்கள் என்று ஊருக்கே தெரியும். ஒரு வருஷம் ரொட்டிக்கடைக்கார அம்மாவின் பச்சைக் கோட்டு. அவளே கொடுத்ததுதான். ஆனால் அது பற்றி எரியும்போது கரையில் எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ்வரை வெர்னருக்கு முந்தின நாள் ரொட்டிதான் கிடைத்தது.

விழாக்குழுத் தலைவி எலினோர் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டாள்.

“வெர்னர், இங்க பாரு. இந்த வருஷம் ஒரே ஒரு புகார் வந்தாலும் போதும், அடுத்த தடவை தோர்பன் ஏதாவது கடையிலேர்ந்து பொம்மை வாங்கிட்டு வந்துடுவான்.”

தோர்பன் படகு வாடகைக்கு விடுகிறவன். எதையும் கடையில் வாங்குகிறவன்.

“பிளாஸ்டிக் பொம்மையா?”

“நல்லா எரியுமாம்.”

“நல்லா நாறவும் செய்யும்.”

“பேசாதே. இந்த ஊர்ல உன்மேல கோவமில்லாத ஒரே ஆள், சதுப்பு நிலத்துலேர்ந்து பொணமா தோண்டி எடுத்து மியூசியத்துல படுக்க வச்சிருக்கே, அந்த ரெண்டாயிரம் வருஷத்துக் கிழவர்தான்.”

வெர்னருக்குத் தூக்கம் போய்விட்டது. தபால் வேலை முடிந்தபின் ஊர் அவரை எதிர்பார்ப்பது வருஷத்தில் இந்த ஒரு சாயங்காலம்தான். கடைசியில் ஒரு வழி தோன்றியது. யார் துணியும் வேண்டாம், தன் துணியே போதும்! பழைய மழைக்கோட்டை வெட்டிப் பாவாடையாக்கினார். மேலுக்கு, அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழுப்பு ஸ்வெட்டர் அகப்பட்டது. யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. தனக்கே தெரியாததை ஊர் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று சந்தோஷமாகிவிட்டது.

விழா அன்று கரையெல்லாம் கூட்டம். குச்சியில் சுற்றிய மாவு தணலில் வெந்துகொண்டிருந்தது. தெப்பத்தைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள்.

“யாருப்பா இது? எலினோரா?”

“சேச்சே, எலினோர் இன்னும் கொஞ்சம் பருமன்.”

யாருக்கும் பிடிபடவில்லை. வெர்னர் பீர் டப்பாவைத் திறந்தார். பந்தத்தோடு படகு தெப்பத்தை நெருங்கியது.

“அது கெடக்கட்டும்,” என்றான் தோர்பன். “நெஞ்சுல எதுக்கு நாய்ப் படம்?”

“அது மான்,” என்று ஒரு குரல் கேட்டது.

வெர்னரின் மனைவி அக்னெத்தா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்திருந்தாள். வெர்னருக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது: கல்யாணமான முதல் குளிர்காலம், அடுப்போரம், அவள் மடியில் பழுப்பு நூல்கண்டு.

“படகை நிறுத்தச் சொல்லட்டுமா?” என்றார்.

“எதுக்கு? நல்லா எரியட்டும்.”

எரிந்தது. மான் முதலில் போயிற்று.

எலினோர் மோப்பம் பிடித்ததுபோல் வந்து நின்றாள். “என்ன அக்னெத்தா, புகார் ஏதாவது உண்டா?”

தோர்பன் காதைத் தீட்டிக்கொண்டான். வெர்னர் புல்லைப் பார்த்தார்.

“உண்டு,” என்றாள் அக்னெத்தா. “அந்த ஸ்வெட்டரை இவர் ஒரு நாளும் போட்டதில்ல. அந்தச் சூனியக்காரிக்கு எவ்வளவு பொருத்தமா இருந்தது பாத்தியா? அடுத்த வருஷமும் இவரே பண்ணட்டும்.”

“அப்போ இது புகார் இல்லையே?”

“இன்னும் முடிக்கல. இந்தக் குளிர்காலத்துல இன்னொண்ணு பின்னப்போறேன். அதை இவர் போட்டுக்கிட்டு ரொட்டிக்கடைக்குப் போகணும். தினமும்.”

கரையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வெர்னர் மெதுவாகக் குனிந்தார்.

“அக்னெத்தா, மான் வேணாமே...”

“ரெண்டு மான்,” என்றாள் அவள். “இப்போ பாடுங்க.”