சித்தப்பா தினமும் மலையில் மோதினார்

என் சித்தப்பா விமானத்தை மலையில் மோதிவிட்டு, மூன்றாம் நாளே சட்டை கசங்காமல் ரயிலேறிச் சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டார் என்பதை என் வகுப்பில் ஒருத்தியும் நம்பவில்லை. அது நிஜ விமானம் இல்லை, பம்பாயில் ஓர் அறைக்குள் நிற்கும் பொய் விமானம், அதில் வைத்துத்தான் விமானிகளுக்குப் பரீட்சை நடத்துவார்கள் என்று விளக்கியபோது இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சித்தப்பா துணை விமானியாகப் பயிற்சியில் இருந்தார். அவர் தோற்ற கதை எனக்கு நன்றாகவே புரிந்தது. விமானத்தில் தரையைக் கண்காணிக்க ஒரு கருவி உண்டாம். அது அடிவயிற்றிலிருந்து ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்குப் போடும். தரை ரொம்ப வேகமாக நெருங்கினால் "வூப் வூப், புல் அப்!" என்று கத்தும். மேகத்துக்குள் மலை கண்ணுக்குத் தெரியாது. கருவி கத்தினால் யோசிக்காமல் விமானத்தின் மூக்கை மேலே தூக்கிவிட வேண்டும். பரீட்சையில் கருவி கத்தியிருக்கிறது, சித்தப்பா தூக்கவில்லை. லீவு முடிந்து போனதும் இன்னொரு வாய்ப்பு. அதிலும் கோட்டைவிட்டால் விமானம் கிடையாது, தாத்தாவின் மிளகாய் வற்றல் கமிஷன் கடையில் வந்து உட்கார வேண்டியதுதான். பாவம், சித்தப்பாவுக்குக் காது மந்தம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

முன்னறையில் இரண்டு மர நாற்காலிகளைப் போட்டுப் பயிற்சி ஆரம்பமானது. வலப்பக்கம் சித்தப்பா. இடப்பக்கம் கேப்டன் இருக்க வேண்டும். அம்மா ஆசையாக வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க வேண்டாம் மதினி. அப்பாதான் வேணும்" என்றார் சித்தப்பா, தாத்தாவைக் காட்டி.

தாத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே என் அப்பா ரேடியோவை அணைத்துவிடுவார். தாத்தாவின் கைத்தடியை எங்கள் வீட்டில் யாரும் தொட்டது கிடையாது. அம்மா பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவாள். அந்தக் கைத்தடிதான் விமானத்தை ஓட்டுகிற கம்பு. அதை இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஊன்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் பேப்பரோடு தாத்தா உட்கார்ந்தார். நான் கத்தும்போது, பரீட்சையில் சொன்ன மாதிரியே, "அது சும்மா கத்தும், விடு" என்று கேப்டன் சொல்ல வேண்டும். சித்தப்பா அதைக் கேட்காமல் கம்பைப் பிடுங்கித் தன் பக்கம் இழுத்து மூக்கைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கருவி நான்.

"வூப் வூப், புல் அப்!"

"ஏட்டி, என்ன எளவு சத்தம்! வாய மூடு" என்றார் தாத்தா, வசனத்தை மறந்து. கருவி வாயை மூடிக்கொண்டது. சித்தப்பா மலையில் மோதினார்.

மறுநாளும் மோதினார். அதற்கு அடுத்த நாளும் மோதினார். கை கைத்தடிவரை போகும். தாத்தாவின் விரல்களைப் பார்த்ததும் மடிக்குத் திரும்பிவிடும். எனக்கு அழுகையாக வந்தது. என் சத்தம் போதவில்லையே என்று அம்மாவிடம் பனங்கற்கண்டு வாங்கி வாயில் அடக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் கத்திப் பழகினேன். தெருவில் என்னைப் பார்த்தாலே நாய்கள் ஒதுங்கின.

சித்தப்பா ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்துவிட்டது. பெட்டி கட்டி வாசலில் இருந்தது. கடைசியாக ஒரு தடவை என்று உட்கார்ந்தார்கள். நான் சித்தப்பாவின் காதுக்குப் பக்கத்தில் போய் நின்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

"அது சும்மா கத்தும். விடுலே" என்றார் தாத்தா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லப்பா, மலை இருக்கு. விடுங்க!"

சித்தப்பா கைத்தடியை வெடுக்கென்று பிடுங்கித் தன் நெஞ்சோடு இழுத்துவிட்டார். தாத்தாவின் பேப்பர் தரையில் விழுந்தது. காபி கொண்டுவந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சித்தப்பா கைத்தடியை அணைத்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாத்தா தன் வெறும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிளேன் மேல போயிட்டுதாலே?"

"போயிட்டுப்பா."

"பொறவு எதுக்குலே அழுதே?"

சித்தப்பா தேறிவிட்டார் என்று தந்தி வந்தபோது, அதற்கு முழுக்காரணம் என் தொண்டைதான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவருக்குக் காது மந்தம் என்பதையும் விடாமல் நம்பினேன். அதன்பிறகு பல வருஷம், அவர் லீவில் வரும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்று கத்தித்தான் பேசுவேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஒருநாள்கூட, "எனக்கு நல்லா கேக்கு மக்கா, மெள்ள பேசு" என்று சொன்னதில்லை.