கராஜுக்குள் ஒரு தவறணை

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வந்த நாள்முதல் அவன் குடித்து வைத்த கோப்பைகளை நான் மணந்து பார்த்துவந்தேன். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுப்பேன், மூக்கருகே கொண்டுபோவேன், சத்தமில்லாமல் திரும்ப வைப்பேன். ஈரல் பழுதாகிவிட்டது, இனி ஒரு சொட்டுப் பட்டாலும் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டொக்டர் என் முன்னால்தான் சொன்னார். மனைவி பிரிந்துபோன பிறகு அவனுக்கு இந்த லண்டனில் இருந்தது நான் ஒருவன்தான். மாதக்கணக்காக மணந்தும் தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் மணக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நோர்பரியில் எங்கள் சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே மூன்று மணித்தியாலம் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும். பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் காணாது என்று தூரத்திலிருந்து வரும் பெற்றோர் அங்கேயே காத்திருப்பார்கள். பெண்கள் நடைபாதைக் கதிரைகளில் இருப்பார்கள். ஆண்களில் சிலர் பின்னறையில் போத்தலோடு இருப்பார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் சங்கச் செயலாளர். தம்பியை வீட்டில் தனியே விடப் பயந்து அவனையும் கூட்டிக்கொண்டு போவேன். தேத்தண்ணி போடுவதற்கும் கதிரை அடுக்குவதற்கும் அவன் உதவுவான். அந்தப் பின்னறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவன் எங்கே நிற்கிறான் என்று தேடுவேன்.

அதனால்தான் மண்டப வளவுக்குள் மது கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பிள்ளைகளின் நன்மைக்கென்று பேசினேன். தம்பியைப் பற்றி மூச்சுவிடவில்லை. எல்லோரும் உடனே கையைத் தூக்கினார்கள். பின்னறைக்காரர்களும் தூக்கினார்கள். அவ்வளவு சுலபமாகத் தூக்கியது எனக்குப் பிடிக்கவேயில்லை.

நினைத்தது சரிதான். இரண்டு சனிக்கிழமைக்குள் பின்னறை வெறுமையாகிவிட்டது, ஆனால் காருக்குள் இருந்து குடிக்கிறார்களோ என்று போய்ப் பார்த்தால் ஆண்கள் அங்கும் இல்லை. மூன்றாவது கிழமை நடைபாதைக் கதிரைகளிலும் பாதி காலி. பெண்கள் எங்கே போனார்கள்? கேட்டால் டூட்டிங்கில் மரக்கறி வாங்கப் போனோம் என்றார்கள். கையில் ஒரு கீரைக்கட்டுக்கூட இல்லை. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், ஐடி வேலை, மகளைப் படிக்கக் கொண்டுவருபவர், ஒருநாள் தேத்தண்ணி வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"அங்கிள், அமெரிக்கால நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரிதான் தடை போட்டாங்க. என்ன ஆச்சு தெரியுமா? ஊரெல்லாம் ரகசியக் கடை. கதவைத் தட்டி அடையாள வார்த்தை சொன்னா உள்ள விடுவாங்க. அதுவரைக்கும் ஆம்பளைங்க மட்டும் குடிச்ச எடத்துல பொம்பளைங்களும் வந்து சமமா உக்காந்தாங்க. தடை போட்டவங்க இதை எதிர்பார்க்கவே இல்ல."

இவருக்கு ஏன் இவ்வளவு தெரியும், அதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

அடுத்த கிழமை தம்பி, "கொஞ்சம் நடந்துபோட்டு வாறன் அண்ணை" என்றான். நடக்கச் சொல்லி டொக்டர்தான் சொல்லியிருந்தார். ஆனால் நடக்கப் போகிறவன் தலை இழுத்துச் சீவிக்கொண்டு போவானா? நான் பதிவுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பின்னால் போனேன். மண்டபத்துக்குப் பின்தெருவில் வரிசையாகக் கராஜுகள். நாலாவதின் கதவை அவன் தட்டினான். "ரோல்ஸ் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டான். கதவு பாதி உயர்ந்தது, அவன் குனிந்து உள்ளே போனான்.

கதவின் ஓரத்து இடுக்கால் பார்த்தேன். பழைய கம்பளம், மடக்குக் கதிரைகள், ஒரு தட்டில் உண்மையாகவே சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ். லண்டனில் ஒரு தவறணை, ஊர்க் கள்ளுக்கடை மாதிரி! ஆனால் எந்தத் தவறணையிலும் நான் கண்டிராத கூட்டம். மண்டபத்தில் ஆளுக்கொரு மூலையில் இருப்பவர்கள் இங்கே வட்டமாக இருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆண்கள், அந்த ஐடிக்காரரும் மனைவியும், வங்கியில் வேலைசெய்யும் ஒரு மலேசியப் பெண். போத்தலைக் கையில் வைத்து எல்லோருக்கும் வார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நர்ஸ், இரண்டு பிள்ளைகளின் தாய். தம்பியின் கையில் பொன்னிறமாக ஒரு கிளாஸ். அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என் வீட்டில் அவன் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திங்கட்கிழமை கவுன்சிலின் இணையப் பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன். லைசென்ஸ் இல்லாமல் மது விற்கிறார்கள் என்று எழுதினேன். ஒருவரும் விற்றதை நான் காணவில்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்ற பெட்டியில் கவனமாக அடையாளமும் போட்டேன். கொஞ்ச நாளில் கராஜ்காரருக்குக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது, அவர் பயந்து பூட்டுப் போட்டுவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தம்பி மண்டபத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். சனிக்கிழமைகளில் அலுப்பாக இருக்கிறது, வரவில்லை என்றான். இனிக் குடிக்க இடமில்லைத்தானே என்று நானும் நிம்மதியாக அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

கராஜ் பூட்டிய மூன்றாம் சனிக்கிழமை அந்த நர்ஸ் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, தம்பி ஏன் இப்ப வாறேல்லை? எனக்குப் பயமாக் கிடக்கு."

"என்ன பயம்? நீங்கள் வாத்துக் குடுத்ததெல்லாம் முடிஞ்சுதுதானே" என்றேன். குத்திக்காட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"ஓம், நான்தான் வாத்தனான். இஞ்சிச் சோடா. முதல்நாளே வந்து, 'எனக்கு ஈரல் ஏலாது, ஆனா தனிய இருக்கவும் ஏலாமக் கிடக்கு' எண்டு சொன்னவர். மற்றாக்களின்ர கிளாஸ் மாதிரியே நிறம் வரவேணும் எண்டு தேடி வாங்கினனான். போத்தல் என்ர கையைவிட்டுப் போகாது. அவருக்கு வேற ஒருத்தரும் வாக்கக்கூடாது எண்டு எல்லாருக்கும் தெரியும். பனைக்குக் கீழ இருந்து பால் குடிச்சாலும் கள்ளெண்டுதான் சொல்லுவினம் எண்டு அவரே பகிடி விடுவார்."

எங்கள் ஆட்களிடம் அது பழைய வழக்கம். வார்ப்பவர் ஒருவர்தான், மற்றவர்கள் போத்தலைத் தொடுவதில்லை. யாருக்கு எவ்வளவு, யாருக்கு இல்லை என்பது அவர் பொறுப்பு. எனக்குத் தெரியாததா? நர்ஸின் கையில் போத்தலைக் கண்டபோதும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பதிவுப் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தம்பி குசினி மேசையில் இருந்தான். முன்னால் ஒரு கிளாஸ், பாதி குறைந்திருந்தது. ஒளிக்கவில்லை. என் பக்கம் தள்ளினான்.

"மணந்து பாரண்ணை."

மணக்கத் தேவையிருக்கவில்லை. விஸ்கி வாசலிலேயே மணந்தது.

"நீ ஒவ்வொரு நாளும் மணந்து பாக்கிறது எனக்குத் தெரியும்" என்றான். "இது முதல் கிளாஸ். கவுன்சிலுக்கு எழுதினது நீதானே?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. "ஓம்" என்றேன்.

அவன் சத்தம் போடவில்லை. "அங்க ஒருத்தரும் என்னை மணந்து பாக்கேல்லை, அண்ணை" என்றான். நான் கிளாசையும் போத்தலையும் தொட்டியில் ஊற்றினேன். அவன் தடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவன் முன்னாலேயே அழுதேன்.

நர்ஸிடம் சொல்லவென்று மண்டபத்துக்குத் திரும்பியபோது வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நர்ஸ் காரில் புத்தகப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். கவுன்சிலுக்கு எழுதியது நான்தான், தம்பி இன்று குடித்துவிட்டான் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முதலில் எவ்வளவு குடித்தான் என்று கேட்டார். திங்கள் காலையே டொக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னார். பிறகு கார்க் கதவைச் சாத்தினார்.

"வாற சனிக்கிழமை ரெண்டு மணிக்கு அவரை என்ர வீட்டை கொண்டுவந்து விடுங்கோ. எல்லாரையும் கூப்பிடுறன். நீங்கள் உள்ள வரவேண்டாம், அண்ணை."

இப்போது சனிக்கிழமைகளில் தோர்ன்டன் ஹீத்தில் அவர் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்துவேன். தம்பி இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, "ரோல்ஸ் மிச்சம் இருக்கோ?" என்று கேட்பான். கதவு திறக்கும், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கொஞ்சம் வெளியே வரும், பிறகு சாத்திவிடுவார்கள். அந்தக் கேள்வி எனக்கும் தெரியும். நான் கேட்டால் திறக்கமாட்டார்கள்.